குதிரையில்லாத குதிரைப் பந்தயம்

“குதிரைப் பந்தயமும் ஒரு தொழில்தானே, சுவாமி? அதனாலே எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள், அரசாங்கத்துக்கு வரி கிடைக்கிறது, சட்டமும் இடங்கொடுத்திருக்கிறது. அப்படியிருக்கக் கோயிலிலே மட்டும் அதை ஏன் குறைசொல்ல வேண்டும்?”

இவ்வாறு கேட்கும் வாலிபர்கள் நம் பங்குகளிலே உண்டு. கேள்வி நியாயமானதே. “சூது கெட்டது” என்ற ஒரு சொல்லைச் சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிடுவது விடையாகாது. அன்றியும், பந்தயம் கட்டுதல் தன்னளவிலேயே பாவம் என்று திருச்சபை போதிக்கவும் இல்லை. ஆகையால், பொருளாதாரம் பேசுகிறவர்களுக்குப் பொருளாதாரத்தைக் கொண்டே மறுமொழி சொல்ல முயல்வோம். அதன்பிறகு மனச்சாட்சியின் பக்கம் வருவோம்.

1. தொழில் என்பது யாது?

ஹந்தானை மலையிலும் அதன் அடிவாரத்திலும் வாழும் நமக்கு இதைப் புத்தகத்தைப் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை. 1925 ஆம் ஆண்டிலே கட்டப்பட்ட பழைய ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை, 2001 ஆம் ஆண்டு முதல் தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று பழைய இயந்திரங்களைக் காட்டுங்கள். கொழுந்தை வாட்டுவது, உருளையிலிட்டு அரைப்பது, புளிக்கவைப்பது, உலர்த்துவது, சலித்துத் தரம் பிரிப்பது என்று ஒவ்வொரு படியிலும் ஒரு கை இருந்தது. அந்தக் கைக்கு ஒரு கூலி இருந்தது. அந்தக் கூலி போதுமானதாக இருந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் காலையில் வெறும் இலையாக மலையில் நின்றது, கடைசியில் ஒருவன் விரும்பிக் குடிக்கும் பானமாகிவிட்டது. நேற்று இல்லாத ஒரு பயன் இன்று உலகத்தில் உண்டாகியிருக்கிறது.

ஆக, தொழிலுக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, ஏதேனும் ஒரு பொருளோ சேவையோ புதிதாக உண்டாகவேண்டும். மற்றது, அது உண்டாகும் வழியிலே பலருடைய உழைப்புக்குக் கூலி கிடைக்கவேண்டும். இந்த இரண்டையும் அளவுகோலாகக் கையில் வைத்துக்கொண்டு குதிரைப் பந்தயத்துக்கு வருவோம்.

2. குதிரை இருக்கும் இடத்தில்

இங்கிலாந்திலே குதிரைப் பந்தயம் உண்மையில் ஒரு பெருந்தொழில். குதிரையை இனப்பெருக்கம் செய்கிறவர், புல்லும் ஓட்ஸ் தானியமும் விளைவிக்கிற விவசாயி, லாயத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர், லாடம் அடிக்கிறவர், சேணம் தைக்கிறவர், மிருக வைத்தியர், பயிற்சியாளர், ஜொக்கி, வாசலில் டிக்கட் கிழிக்கிறவர், அயலிலே ஹோட்டல் நடத்துகிறவர் என ஒரு குதிரையின் பின்னால் ஒரு கிராமமே நிற்கிறது எனலாம். பிரித்தானியாவில் ஏறக்குறைய 85,000 வேலைகள் பந்தயத்தை நம்பியிருப்பதாக அத்துறையினர் கணக்குச் சொல்கின்றனர்.

அங்கே பந்தயக் கடைகளுக்குச் சட்டபூர்வமான இடம் கிடைத்தது 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயாம். 1961 மே மாதத்தில் கடைகள் திறந்தன. அதே 1961 இல், புக்கிகளின் இலாபத்தில் ஒரு பங்கை வசூலித்துக் குதிரைத் தொழிலுக்கே திருப்பிக் கொடுப்பதற்கென ஒரு சபையும் அமைக்கப்பட்டது. பரிசுப் பணத்துக்கும், மிருக வைத்திய ஆராய்ச்சிக்கும், ஓட்டத்தின் ஒழுங்குக்கும் அந்தப் பணம் போகிறது. பந்தயம் கட்டுவதை அனுமதிக்கும்போதே, “குதிரையால் சம்பாதிக்கிறவன் குதிரைக்குத் தீனி போடவேண்டும்” என்ற நியாயத்தை அவர்கள் சட்டமாக்கிவிட்டார்கள்.

இன்னொரு உதாரணம் டுபாய். நம் பங்குகளிலிருந்து அங்கே வேலைக்குப் போனவர்கள் இதை அறிந்திருப்பார்கள். 1996 ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே நடக்கும் டுபாய் உலகக் கிண்ணம், உலகத்தின் மிகப் பெரிய பரிசுத் தொகையுள்ள குதிரை ஓட்டங்களில் ஒன்று. ஆனால் அந்த மைதானத்திலே பணம் கட்டிப் பந்தயம் பிடிக்க இடமில்லை. குதிரை ஓடுகிறது, சனங்கள் பார்க்கிறார்கள், வென்றவனுக்குப் பரிசு கிடைக்கிறது. சூது இல்லாமலும் குதிரை ஓடும் என்பதற்கு இது சாட்சி.

இதிலிருந்து ஒன்றை நாம் கவனிக்கவேண்டும். குதிரை ஓட்டம் வேறு. அதன்மேல் பணம் கட்டுதல் வேறு. வேலையும் கூலியும் தருவது குதிரை. பணத்தை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவது பந்தயம். இரண்டும் சேர்ந்திருக்கும் நாட்டில், குதிரை சம்பாதித்த நற்பெயரைப் பந்தயமும் பங்குபோட்டுக்கொள்கிறது.

3. நம் நாட்டில் நடந்தது

நம் நாட்டிலும் குதிரை ஓடிய காலம் உண்டு. நுவரெலியாவில் 1875 ஆம் ஆண்டிலே பந்தயத் திடல் உண்டாயிற்று. கொழும்பில் முதலில் காலிமுகத்திடலில் ஓடிய குதிரைகள், 1893 இல் கறுவாத்தோட்டத்துக்கு மாற்றப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது கொழும்புத் திடல் விமானத் தளமாயிற்று. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, எதிர்த்துப் பறந்த போர் விமானங்களிற் சில அந்தக் குதிரைத் திடலிலிருந்துதான் கிளம்பின.

1956 இல் பதவிக்கு வந்த பண்டாரநாயக்கா அரசாங்கத்தின் காலத்திலே, பௌத்த அமைப்புகளின் வற்புறுத்தலை அடுத்துக் கொழும்புக் குதிரைப் பந்தயம் முடிவுக்கு வந்தது. இன்று அந்த இடத்திலே றக்பி மைதானமும் கடைகளும் இருக்கின்றன. நுவரெலியாவில் மாத்திரம் ஏப்ரல் வசந்த காலத்தில் குதிரைகள் ஓடுவதுண்டு. அந்தச் சில நாட்களிலே குதிரைக்காரருக்கும், வாடகை வீட்டுக்காரருக்கும், கடலை விற்கிறவருக்கும் நாலு காசு கிடைக்கத்தான் செய்கிறது.

சரி, கொழும்பிலே குதிரை நின்றது, பந்தயம் நின்றதா? இல்லை. புக்கிக் கடைகள் இருந்தன, இருக்கின்றன. ஓடுகிற குதிரை மாத்திரம் இங்கிலாந்திலே. அங்கே பிற்பகல் என்றால் இங்கே மாலையும் இரவும். வேலை முடிந்து, கையில் அன்றைய கூலியோடு ஒருவன் வீடு திரும்பும் நேரமும், அங்கே குதிரை ஓடும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. தான் ஒருநாளும் கண்டிராத ஊரில், தான் தொட்டிராத குதிரைமேல், பெயரைச் சரியாக உச்சரிக்கவும் தெரியாத நிலையில் அவன் பணம் கட்டுகிறான்.

இப்போது நம் அளவுகோலை எடுத்து வைத்துப் பாருங்கள். இங்கே லாயம் இல்லை, லாடம் அடிப்பவர் இல்லை, புல் அறுப்பவர் இல்லை, ஜொக்கி இல்லை. இருப்பது ஒரு மேசை, ஒரு தொலைக்காட்சி, துண்டு எழுதுகிற இரண்டொருவர். கூலி கொடுத்த பகுதி நாட்டைவிட்டுப் போயிற்று. கூலியைப் பறிக்கிற பகுதி மட்டும் நின்றுகொண்டது. இதற்குப் போய் “குதிரைப் பந்தயத் தொழில்” என்று பெயர் சொல்வது பொருந்துமா?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையுமல்ல. சிங்கப்பூரில் 1842 ஆம் ஆண்டு தொடங்கிய குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5 ஆம் திகதி கடைசி ஓட்டத்தோடு முடிந்தது. வீடுகள் கட்ட நிலம் தேவை என்றது அரசாங்கம். ஆனால் வெளிநாட்டு ஓட்டங்களின்மேல் பணம் கட்ட அங்கே இன்னும் வழியுண்டு. சென்னையிலோ தமிழ்நாட்டு அரசு கிண்டிப் பந்தயத்தை நிறுத்த 1974 இலும், பந்தயக் கழகத்தைக் கையகப்படுத்த 1986 இலும் சட்டம் இயற்றியது. ஆயினும் 1996 இல் இந்திய உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்புச் சொல்லிற்று. 2024 செப்டெம்பரில் அரசு அந்த 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை இரத்துச் செய்து கதவுக்கு முத்திரை வைத்தது. குதிரைக்கு நிலம் வேண்டும். நிலத்தின் விலை ஏற ஏறக் குதிரை வெளியேறும். சூதுக்கு நிலம் வேண்டாம்; ஒரு கைத்தொலைபேசி போதும். ஆதலால் அது எங்கும் தங்கிவிடுகிறது.

4. புக்கியின் கணக்கு

“ஆனாலும் சிலர் வெல்கிறார்களே?” என்பீர்கள். மெய்தான், வெல்கிறார்கள். ஒருவரும் வெல்லாத கடைக்கு யார் போவார்? கடை எவ்வாறு நடக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம்.

நான்கு குதிரைகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு குதிரைகளுக்கும் ஒன்றுக்கு இரண்டு விலை. அதாவது 100 ரூபா கட்டி வென்றால் 200 ரூபா இலாபமும் கட்டிய 100 ரூபாவும் சேர்த்து 300 ரூபா கைக்கு வரும். மற்ற இரண்டுக்கும் ஒன்றுக்கு மூன்று. 75 ரூபா கட்டினால் அதே 300 ரூபா வரும். எது வென்றாலும் 300 ரூபா கிடைக்கவேண்டும் என்று ஒருவன் நான்கிலும் கட்டுகிறான். எவ்வளவு கட்டவேண்டும்? முதல் இரண்டிலும் 200 ரூபா, மற்ற இரண்டிலும் 150 ரூபா, மொத்தம் 350. கட்டுவது 350, பெறுவது 300. மீதி 50 ரூபா புக்கியின் பெட்டியிலே. எந்தக் குதிரை வென்றாலும் அந்த 50 ரூபா அவனுக்கே. அவன் குதிரையின்மேல் பந்தயம் கட்டுவதில்லை. கட்டுகிறவனின் ஆசையை நம்பியே கடை வைத்திருக்கிறான்.

நம் உதாரணத்தில் ஏழில் ஒரு பங்கு போகிறது. ஒருமுறையோடு எழுந்து வந்தால் இழப்பு சிறிதே. ஆனால் வென்றதை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவன் அரிது. மறுபடியும் கட்டுகிறவனே அதிகம். 2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்த 1,350 ரூபா இவ்விதம் பத்துத் தடவை சுற்றினால் என்ன மிஞ்சும்? சராசரியாக 289 ரூபா. ஒருவனுக்கு ஐயாயிரம் கிடைத்திருக்கலாம். வேறு பலருக்கு ஒன்றுமே இல்லை. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு அதுதான். காலை முதல் சரிவிலே நின்று பறித்த கொழுந்தின் கூலியில் ஐந்தில் நாலு பங்குக்கு அண்மையான தொகை, ஒரே மாலையிலே கைமாறிவிடுகிறது.

5. வரி யாருடைய பணம்?

இனி வரிக்கு வருவோம். நம் நாட்டிலே பந்தயத்துக்கும் சூதாட்டத்துக்குமான வரி, 1988 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தால் விதிக்கப்பட்டது. மொத்த வசூலின்மேல் 10 சதவீதமாக இருந்த அறவீடு 2023 இல் 15 ஆகவும், 2025 இல் 18 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டிலேயே, பழைய பந்தய, சூதாட்டச் சட்டங்களை நீக்கி, இணையவழிச் சூது உட்பட யாவற்றையும் ஒரே அதிகார சபையின் கீழ்க் கொண்டுவரும் சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஒழுங்கில்லாமல் நடப்பதைவிட ஒழுங்கின்கீழ் நடப்பது நல்லதே. அதை நாம் மறுக்கவில்லை. வெறுந்தடை மருந்தாகாது என்பதற்குக் கொழும்பின் கதையே சான்று.

ஆயினும், வரி கிடைப்பதால் நாடு வளர்கிறது என்ற வாதத்தை உற்றுப்பார்க்க வேண்டும். தேயிலையின்மேல் வரி போட்டால், இலை பானமான வழியிலே கூடிய மதிப்பில் ஒரு பகுதியை அரசாங்கம் எடுக்கிறது. பந்தயத்தின்மேல் வரி போட்டால், கூடிய மதிப்பு என்று ஒன்றில்லை. தோற்றவனின் பணமே புக்கியின் வழியாகத் திறைசேரிக்குப் போகிறது. நேரே வீட்டுக்கு வந்து, “உன் கூலியிலே இவ்வளவு தா” என்று அரசாங்கம் கேட்டால் ஊரே கூச்சலிடும். வேறு வழியாக வருவதால் ஒருவரும் வாய்திறப்பதில்லை. அடகுக்குப் போன தாலிக்கொடியும், நின்றுபோன ரியூசனும், கடைக்காரரின் கடன் கொப்பியும் அந்த வரிக் கணக்கிலே எழுதப்படுவதில்லை.

ஹொங்கொங் நகரிலே 1884 இல் தொடங்கிய குதிரைப் பந்தயக் கழகம் இலாபநோக்கற்றது. மிகப் பெரிய வரி செலுத்துவோராகவும், தர்மப் பணிகளுக்குப் பெருந்தொகை கொடுப்போராகவும் விளங்குகிறது. நல்லதே. ஆனால் அந்தத் தர்மத்தின் ஊற்றும் தோற்றவர்களின் பைதான். அமெரிக்காவிலும் 2018 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தபின், மாநிலம் மாநிலமாக விளையாட்டுப் பந்தயம் சட்டமாகி, வரி வருமானம் பெருகியது. கூடவே, பழக்கத்திலிருந்து விடுபட உதவி கேட்கிறவர்களின் கவலையும் அங்கே பெரும் பேச்சாகியுள்ளது.

6. மனச்சாட்சியின் கணக்கு

வள்ளுவர் சூதைப் பற்றிப் பாடிய 94 ஆம் அதிகாரத்தை எங்கே வைத்தார் என்பதை நாம் கவனிப்பதில்லை. அறத்துப்பாலில் அல்ல, பொருட்பாலில் வைத்தார். அதற்கு முந்திய அதிகாரம் கள்ளுண்ணாமை, பிந்தியது மருந்து. சூது வெறும் ஒழுக்கக் கேடு மட்டுமல்ல, பொருளையும் உடம்பையும் சேர்த்து அழிக்கும் நோய் என்று நம் முன்னோர் கண்டிருந்தனர் போலும்.

திருச்சபையின் போதனை தெளிவானது. 1992 இல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி, 2413 ஆம் எண்ணிலே இதைப் பேசுகிறது. பந்தயமும் அதிர்ஷ்ட விளையாட்டும் தம்மளவில் நீதிக்கு மாறானவையல்ல. ஆனால் ஒருவனுக்கும் அவனை நம்பியவர்களுக்கும் அத்தியாவசியமானதை அவை பறிக்கும்போது, அவை ஏற்கத்தகாதவை ஆகின்றன. சூதின்மேலுள்ள வெறி மனிதனை அடிமையாக்கும் அபாயம் உண்டு. ஏமாற்றுதலோ பாரதூரமான குற்றம்.

ஆகவே கேள்வி, “கட்டலாமா, கூடாதா?” என்பதல்ல; “யாருடைய பணத்தைக் கட்டுகிறாய்?” என்பதே. சம்பளத்தில் அரிசியும் மருந்தும் பிள்ளையின் கொப்பியும் இருக்கின்றன. அவற்றை எடுத்துக் கட்டுகிறவன் தன் பணத்தைக் கட்டவில்லை. மனைவி மக்களின் பணத்தைக் கட்டுகிறான். சிலுவையின் அடியிலே போர்ச்சேவகர் சீட்டுப் போட்டது அவர்களுடைய உடைக்காக அல்ல, பிறருடைய உடைக்காக என்பதை யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம்.

“பங்குத் திருவிழாவிலே நாமும் அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்கிறோமே, சுவாமி?” என்று கேட்பார் உண்டு, கேட்கவும் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, சிறுதொகை, என்ன காரியத்துக்கு என்று எல்லாருக்கும் தெரியும். பரிசு கிடைக்காவிட்டாலும் கோயிலுக்குக் கொடுத்தோம் என்ற மனநிறைவு உண்டு. இது பெரிய வித்தியாசமே. ஆனாலும் அதே அளவுகோல் நமக்கும் பொருந்தும். வீட்டில் உலை வைக்க வழியில்லாதவனிடம் புத்தகம் புத்தகமாகச் சீட்டுத் தள்ளுவதும், பள்ளிப் பிள்ளைகளை அதற்கு அனுப்புவதும் நமக்குத் தகாது.

7. செய்யத்தக்கவை

முதலாவது, வீட்டிலே கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும். சம்பளம் வந்த அன்றே அரிசி, கடன், பள்ளிச் செலவு ஆகியவற்றுக்கு ஒதுக்கி, அதை மனைவி கையில் கொடுத்துவிடுகிற குடும்பத்தில் சூது நுழைய வாசல் சிறிது.

இரண்டாவது, அகப்பட்டவனைத் திட்டுவதால் பயனில்லை. இழந்ததை மீட்கவேண்டும் என்ற எண்ணமே அவனை மறுபடியும் அங்கே கொண்டுபோகிறது. “போனது போகட்டும், இனிப் போகாதே” என்று சொல்லி, கடனைத் தீர்க்க வழிகாட்டுகிற ஒரு மனிதர் அவனுக்கு வேண்டும். மனதில் வேரூன்றிவிட்டதாயின் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வெட்கப்படவேண்டாம்.

மூன்றாவது, வாலிபரோடு பேசுவோம். இன்றைக்குக் கடைக்குப் போகாமலே, தொலைபேசியிலே கிரிக்கெட் ஆட்டத்தின்மேல் பணம் கட்டலாம். மேலே சொன்ன நான்கு குதிரைக் கணக்கை அவர்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கட்டும். பத்துப் பிரசங்கத்தைவிட அது நன்றாக விளங்கும்.

நான்காவது, குடிமக்கள் என்ற முறையிலே நாம் கேட்கவேண்டியது உண்டு. புக்கியிடம் வாங்கும் வரியில் ஒரு பங்கைச் சூதினால் நொந்த குடும்பங்களின் மீட்புக்கென்று ஒதுக்கச் சொல்வோம். இங்கிலாந்து தன் குதிரைக்குத் தீனி போடச் சட்டம் செய்தது. இங்கே குதிரை இல்லை; நொந்தவர்கள் மனிதர். அவர்களுக்கு அதைவிடக் குறைவாகச் செய்யலாமா?

கலந்துரையாடலுக்கு

1. நமது ஊரிலே ஒரு பந்தயக் கடையால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கிறது? எத்தனை வீடுகளிலிருந்து பணம் அங்கே போகிறது?

2. சட்டம் அனுமதித்தது எல்லாம் குடும்பத்துக்கு ஏற்றதாகுமா? வேறு உதாரணங்கள் கூறுக.

3. நமது பங்கிலே சூதினால் கடன்பட்ட ஒருவர், வெட்கமில்லாமல் வந்து உதவி கேட்கக்கூடிய இடம் உண்டா? இல்லையெனில், அதை ஏற்படுத்த இந்த மாதத்தில் நாம் செய்யக்கூடியது என்ன?

மூன்றாம் கேள்விக்கு விடை காணாமல் கூட்டத்தை முடிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.